எலேனியின் உருளைக்கிழங்கு

ஜனவரி 8, வியாழன்

இவர் வந்துவிட்டார். ஏப்ரலில் வர வேண்டியவர் பொங்கலுக்கு முன்னாலேயே பெட்டியோடு வாசலில் நிற்கிறார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே கப்பல் வேலை. எல்லாம் கிரேக்கக் கம்பெனிக் கப்பல்கள். பாத்திரம் கழுவச் சேர்ந்து தலைமைச் சமையல்காரர் ஆனவர். ஒப்பந்தம் முடியாமல் ஒருமுறைகூடக் கரை இறங்கியதில்லை. ஏன் இந்த முறை என்று கேட்டால், "கேப்டன் ரெஸ்ட் எடுக்கச் சொன்னாரு" என்கிறார். கேப்டனுக்குத் திடீரென்று என்ன கரிசனம் என்று கேட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மத்தியானம் சீலா மீன் குழம்பு வைத்தேன். இவர் வருகிற நாள் எப்போதும் அதுதான். ஒவ்வொரு முறையும் முதல் கவளம் வாயில் போனதும், "புளி ஒரு பொட்டு கூட", "தேங்காய நல்லா அரைக்கல" என்று ஏதாவது குற்றம் சொல்லுவார். சொல்லிக்கொண்டே சட்டியை வழித்துத் தின்பார். நானும் சண்டை போட்டுக்கொண்டே பரிமாறுவேன். எங்களுக்கு அதுதான் வரவேற்பு.

இன்று கவளத்தை விழுங்குவதற்கு முன்னாலேயே "நல்லாருக்கு" என்றார்.

கிளேட்டஸ் மச்சாடோ என் சமையலை நல்லாருக்கு என்று சொன்னதாகச் சரித்திரம் இல்லை. குழம்பில் என்ன கோளாறு என்று நானே ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்தேன்.

ஜனவரி 10, சனி

பெட்டியைப் பிரித்தேன். எப்போதும் சோப்பு, சாக்லேட், மகள் ஜோவிட்டாவுக்கு ஏதாவது சென்ட். இந்தத் தடவை பச்சைக் கண்ணாடிப் பாட்டிலில் ஆலிவ் எண்ணெய் இரண்டு, ஒரு துணி முடிச்சில் காய்ந்த இலைக் கொத்து. மோந்து பார்த்தேன். ஓமவல்லி மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. துணியின் ஓரத்தில் நீல நூலில் பூ வேலை. முடிச்சைப் பார்த்தாலே தெரிகிறது, ஒரு பொம்பளை கை போட்ட முடிச்சு.

"யாரு குடுத்தா?"

"எலேனி."

"எலேனின்னா?"

"குளிச்சிட்டு வாரேன்" என்று துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். காலையில்தான் குளித்தார்.

ஜனவரி 12, திங்கள்

ஓவன் வாங்கி வந்துவிட்டார். நம் வீட்டில் ஓவனா! கிறிஸ்துமஸ் கேக்குக்கே மாவைக் கலக்கி பேக்கரியில் கொடுத்துச் சுட்டு வாங்குகிற ஆட்கள் நாங்கள். அடுப்படி மேடையில் பாதியை அது பிடித்துக்கொண்டது. என் ஆட்டுக்கல் மூலைக்குப் போய்விட்டது.

எதற்கு என்று பார்த்தால், உருளைக்கிழங்கு சுட. கிரேக்க முறையாம். செய்ததை ஓரமாக நின்று பார்த்தேன். ஊட்டி உருளையைத் தோல் சீவி, நீளவாக்கில் படகு மாதிரி வெட்டினார். தட்டில் பரப்பி, ஆலிவ் எண்ணெயைச் சிக்கனமே இல்லாமல் ஊற்றினார். எலுமிச்சம்பழம் பிழிந்து, பூண்டு நசுக்கி, அந்தக் காய்ந்த இலையைக் கசக்கித் தூவி, உப்பு, மிளகு. கடைசியில் ஒரு டம்ளர் தண்ணீரை ஓரமாக ஊற்றினார். தண்ணீர் ஊற்றினால் எப்படி முறுகும் என்று கேட்டேன். "மொதல்ல அதுல வேகும். தண்ணி வத்துனதும் எண்ணெயில முறுகும்" என்றார். மிளகாய்ப் பொடி கிடையாது. மஞ்சள் கிடையாது. ஆஸ்பத்திரிச் சாப்பாடு என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் வாசம்! வெந்து வருகையில் வீடெல்லாம் எலுமிச்சையும் பூண்டும். இவர் ஓவனுக்கு எதிரே முட்டி போட்டு உட்கார்ந்து கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே இருந்தார். ஓரம் பழுப்பேறியதும் எடுத்தார். எடுத்ததும் என்ன செய்தார்? போனில் படம் எடுத்து யாருக்கோ அனுப்பினார். தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். எலேனி.

கட்டின பொண்டாட்டி தட்டோடு நிற்கிறேன். முதல் பார்வை அவளுக்கு.

அப்புறம் எனக்கு வைத்தார். எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தார். "சொல்லு. உப்பு எப்படி? புளிப்பு எப்படி?"

உண்மையை எழுதுகிறேன், இங்கே யார் பார்க்கப் போகிறார்கள். அப்படி ஓர் உருளைக்கிழங்கை நான் ஜென்மத்தில் தின்றதில்லை. வெளியே மொறுமொறு, உள்ளே வெண்ணெய். ஆனால் அவள் கைப்பக்குவத்தை நான் மெச்ச வேண்டுமாம், அதை இவர் அவளுக்குச் சொல்ல வேண்டுமாம்.

"உப்பு கூடிட்டு" என்றேன்.

இவர் முகம் சுருங்கிவிட்டது. அந்தச் சுருக்கம் எனக்குப் பிடித்திருந்தது.

ஜனவரி 13, செவ்வாய்

இவர் முடி வெட்டப் போன நேரத்தில் மிச்சத்தை நின்றுகொண்டே தின்று தீர்த்துவிட்டேன். தட்டு எப்படிக் காலியாச்சு என்று கேட்டார். பக்கத்து வீட்டு லூர்து அக்கா கோழிக்குப் போட்டேன் என்றேன்.

ஜனவரி 16, வெள்ளி

பொங்கல் மறுநாள், ஊரெல்லாம் கரும்பு தின்கிறது. எங்கள் வீட்டில் மறுபடியும் உருளைக்கிழங்கு. இந்த முறை உப்பைக் கைநிறைய அள்ளாமல் விரல் நுனியால் கிள்ளிக் கிள்ளிப் போட்டார். உப்பளத்து ஊரில் பிறந்து வளர்ந்தவர், இருட்டிலும் உப்பு போடுவார், இப்போது என்னமோ மருந்து போடுகிற மாதிரி போடுகிறார்.

உப்பு சற்றுக் குறைவுதான். அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

"இப்ப?"

"புளிப்பு பத்தல."

"நெசமாவா?"

"நான் என்ன பொய்யா சொல்லுதேன்?"

எழுந்து போய்ப் பிழிந்த எலுமிச்சம்பழத் தோலைக் கையில் எடுத்து, மூக்குக்குப் பக்கத்தில் வைத்து, அப்படியே நின்றார். என்ன இது, பழத்தோடு ஜெபமா என்று கேட்க வந்தேன். கேட்கவில்லை. இன்னொன்று, நான் தின்று எழுந்ததும் இவர் பார்ப்பது என் முகத்தை அல்ல, என் தட்டை. முகத்தைப் பார்க்க முடியாத அளவுக்கு என்ன செய்துவிட்டு வந்திருக்கிறார்?

மிச்சம் வழக்கம்போலக் கோழிக்குப் போனது.

ஜனவரி 19, திங்கள்

பால் திரிந்துவிட்டது. நான் பார்க்கும் முன் இவர் அதிலேயே டீ போட்டு, பத்திரிகை படித்துக்கொண்டே முழு டம்ளரையும் குடித்துவிட்டார். எனக்கு ஊற்றியதை வாயில் வைத்ததும் ஓடிப்போய்த் துப்பினேன். "ஏன், சூடா இருக்கா?" என்கிறார்!

ஜோவிட்டா கோயம்புத்தூரிலிருந்து பேசினாள். சொன்னேன். "அப்பாக்கு மனசு ஏதும் சரியில்லையோம்மா" என்றாள். மனசு சரியில்லைதான். எங்கே போய்க் கிடக்கிறது என்பதுதான் கேள்வி. அதை மகளிடம் எப்படிச் சொல்ல?

ஜனவரி 22, வியாழன்

உயிர் போய் வந்தது. மார்க்கெட்டிலிருந்து வந்து கதவைத் திறந்தால் கேஸ் நாற்றம் குப்பென்று அடிக்கிறது. அடுப்புத் திருகு திறந்து கிடக்கிறது. இவர் அதே அடுப்படியில் ஸ்டூலில் உட்கார்ந்து நிம்மதியாக உருளை சீவிக்கொண்டிருக்கிறார். மூடினேன், சன்னலைத் திறந்தேன், கத்தினேன். என்ன கத்தினேன் என்று ஞாபகமில்லை.

இவர் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிட்டது. "எமி, எனக்குத் தெரியல எமி" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

ஒருத்தி நினைப்பு மனுஷனை இப்படியும் ஆக்குமா? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கோபமாக இருந்தது, பாவமாகவும் இருந்தது. எது எவ்வளவு என்று தெரியவில்லை.

ஜனவரி 25, ஞாயிறு

உருளைக்கிழங்கு. "பூண்டு தூக்கலா இருக்கு" என்றேன். பொய், அப்படி இல்லை.

ஜனவரி 28, புதன்

காயப்போட்ட துணி எடுக்க மாடிக்குப் போனேன். இவர் தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். கப்பல் இங்கிலீஷ். எனக்கு அந்த அளவுக்குப் புரியும்.

"நோ, மேடம் எலேனி. மை வைஃப் சே நோ. டுடே ஆல்ஸோ நோ."

அந்தப் பக்கம் ஏதோ நீளமாகப் பேசினாள். இவர் தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "யெஸ். ஐ வில் ட்ரை. பட் ஷி சே நோ" என்றார்.

துணியைப் போட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

நான் எதற்கு நோ சொன்னேன்? இவர் என்னிடம் என்ன கேட்டார்? அவளோடு போகட்டுமா என்று கேட்டிருந்தால் அல்லவா நான் கூடாது என்று சொல்ல? என்னிடம் கேட்காததற்கு நான் சொல்லாத பதிலை அவளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவளும் பொறுமையாக விசாரிக்கிறாள். பொண்டாட்டியிடம் சம்மதம் வாங்கி வரச் சொல்கிற கள்ளி உலகத்தில் உண்டா? மேடம் என்று வேறு கூப்பிடுகிறார். மண்டை காய்கிறது.

ஜனவரி 31, சனி

செம்பருத்தியில் மாவுப்பூச்சி. கறிவேப்பிலைக்கும் ஏறிவிட்டது. செக்குக் கடையில் வேப்பெண்ணெய் வாங்கி வந்து, தீர்ந்துபோன ஆலிவ் எண்ணெய்ப் பாட்டிலைக் கழுவி அதில் ஊற்றி வைத்தேன். நல்ல கனமான பாட்டில், எறிய மனம் வரவில்லை. சோப்புத் தண்ணீரில் கலந்து செடிகளுக்குத் தெளித்தேன். எத்தனை முறை கழுவியும் கை நாற்றம் போகவில்லை.

பக்கத்தில் நின்ற இவர் மூக்கைக்கூடப் பொத்தவில்லை. தண்ணீர் எடுத்துக் கொடுத்து உதவினார்.

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்றைக்கு ஓரங்கள் தங்க நிறத்தில் அழகாக வந்திருந்தன. "கருகல் வாடை அடிக்கே" என்றேன்.

இவர் தட்டைக் கையில் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாத்தா அப்படித் தெரியலயே" என்றார். சின்னப்பிள்ளை கேட்கிற மாதிரி இருந்தது. ஒரு துண்டை வாயில் போட்டு மென்றார், மென்றார், மென்றுகொண்டே இருந்தார். எனக்கு ஏனோ அங்கே நிற்க முடியவில்லை. பின்வாசலுக்குப் போய்விட்டேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

காலையில் தோசை தின்றுகொண்டிருக்கும்போது சொன்னார். "இனி கப்பலுக்குப் போகல எமி. முடிஞ்சிட்டு."

இத்தனை வருஷமாக எந்த வார்த்தைக்காகக் காத்திருந்தேனோ அந்த வார்த்தை. ஜோவிட்டா பிறந்தபோது இவர் நடுக்கடலில். என் அப்பா சாவுக்கு நடுக்கடலில். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எனக்குப் பக்கத்து நாற்காலி காலி. இனி காலி இல்லை. எலேனியும் இல்லை. நான் ஜெயித்துவிட்டேன்.

தோசைக்கல்லில் அடுத்த தோசை கருகிவிட்டது. சந்தோஷப்படுகிறவள் தோசையைக் கருக விடுவாளா? எனக்கு என்ன ஆயிற்று?

பிப்ரவரி 8, ஞாயிறு

இரண்டாம் பூசை முடிந்து வந்தேன். தெருமுனையிலேயே நாற்றம். லூர்து அக்கா வாசலில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். "என்னட்டி எமி, கொசுவுக்குப் புகை போடுதியா? கொசு மட்டுமா சாவும், நாங்களும்ல சாவோம்" என்றாள்.

வேப்பெண்ணெய். கொதிக்கிற வேப்பெண்ணெய்.

உள்ளே ஓடினேன். வீடெல்லாம் அந்தப் புகை, கண் எரிகிறது. மேசையில் சுடச்சுட உருளைக்கிழங்குத் தட்டு. எனக்கு ஒரு பிளேட், ஃபோர்க் எல்லாம் வைத்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஓவன் பக்கத்தில் பச்சைப் பாட்டில். செடிக்குத் தெளித்துவிட்டு நான்தான் சன்னலில் வைத்திருந்தேன்.

"வா, வா. கடைசியா ஒருதரம். இன்னைக்கு எதையும் அளக்கல, என் கை சொன்னபடி செஞ்சேன்" என்றார். சொல்லிக்கொண்டே ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றார்.

நான் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். ஆனால் இவர் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. வேப்பெண்ணெயில் பொரிந்ததை வெண்டைக்காய் மாதிரி மென்றுகொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.

"துப்புங்க! துப்புங்க!"

பயந்து கையில் துப்பினார். "ஏன் எமி? உப்பு கூடிட்டா?"

அந்தக் கேள்வியில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. திரிந்த பால், கேஸ், எலுமிச்சம்பழத் தோல், விழுங்குவதற்கு முன் சொன்ன நல்லாருக்கு. பாட்டிலைத் திறந்து இவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். "என்ன வாடை இது, சொல்லுங்க."

இழுத்து மோந்தார். மறுபடி மோந்தார். கண்ணை மூடிக்கொண்டு மோந்தார்.

"தெரியல எமி" என்றார். பிறகு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். இத்தனை வருஷக் கல்யாணத்தில் இவர் அழுது நான் பார்த்தது இன்றுதான்.

வாய் கொப்பளிக்கச் செய்து, மோர் கொடுத்து, தட்டோடு எல்லாவற்றையும் குழி தோண்டிப் புதைத்தேன். மேலே எழுத முடியவில்லை.

பிப்ரவரி 9, திங்கள்

இவர் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். எழுதினால்தான் எனக்குப் புரியும்.

ஆகஸ்டில் கப்பலில் எல்லாருக்கும் காய்ச்சல். வாசமும் ருசியும் போய், மற்ற எல்லாருக்கும் மூக்கும் நாக்கும் திரும்பின, இவருக்குத் திரும்பவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. கைப்பழக்கத்தில் சமைத்துக்கொண்டிருந்திருக்கிறார். எலேனி கேப்டனின் மனைவி, எழுபதை நெருங்குகிறவர், வருஷத்தில் சில மாதம் கணவரோடு கப்பலில் வருவாராம். ஒருநாள் சூப்பில் இரண்டு தடவை உப்பு விழுந்திருக்கிறது. அந்த அம்மாதான் முதலில் கண்டுபிடித்திருக்கிறார். தானே அடுப்படிக்கு வந்து, தன் ஊர் உருளைக்கிழங்கைக் கண்ணால் பார்த்தும் காதால் கேட்டும் செய்ய வைத்திருக்கிறார். தண்ணீர் இருக்கும்போது ஒரு சத்தம், எண்ணெய் மட்டும் மிஞ்சும்போது வேறு சத்தமாம்.

கேப்டன் சொன்னாராம், "வீட்டுக்குப் போ. உன் கை மறக்கலைன்னா திரும்பி வா. ருசி பாக்க, சாப்பாடு பரிமாறுற மெஸ்மேன் இருக்கான், மோந்து பாக்கவும் அவன் இருக்கான். ஆனா கை சரியா இருக்கான்னு உன் பொண்டாட்டி சொல்லணும்." மார்ச்சில் கப்பல் கிளம்புகிறது. அதற்குள் சொல்ல வேண்டும்.

"அதை என்கிட்ட சொன்னா என்ன?" என்றேன்.

"சொன்னா நீ பாவம் பாத்து நல்லாருக்குன்னு சொல்லிருவே. பொண்டாட்டி தெரியாம சொன்னாத்தான் அது உண்மைன்னு எலேனியம்மா சொன்னாங்க."

நான் அடுப்படிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மூக்கு போனதையாவது சொல்லியிருக்கலாம்ல? ஊரு பேரு தெரியாதவளுக்குத் தெரியுது, எனக்குத் தெரியல."

பிறகு சொன்னார்: "கடல்ல எதுவுமே ருசிக்கல. செரி, வீட்டுக்குப் போயி உன் கொழம்பு நாக்குல பட்டா எல்லாம் வந்துரும்னு நெனச்சேன். அந்த ஒரு நெனப்புலதான் விமானம் ஏறுனேன். வாயில வச்சேன். வெந்நி மாதிரி இருந்துச்சு எமி. அதை உன்கிட்ட எப்படிச் சொல்ல?"

நான் என் பங்கைச் சொல்லவில்லை. வாய் வரவில்லை.

பிப்ரவரி 11, புதன்

பாளையங்கோட்டையில் டாக்டர். திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார். தினமும் எலுமிச்சை, கிராம்பு என்று மோந்து பழகச் சொன்னார். பஸ்ஸில் வரும்போது இவர் என் தலையிலிருந்த மல்லிகைச் சரத்தைக் குனிந்து மோந்து பார்த்தார். பின்சீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

பிப்ரவரி 13, வெள்ளி

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். இவர் இங்கேயே இருப்பார்.

தினமும் காலையில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்கிறார். கை சும்மா இருப்பதில்லை. நாற்காலிக் கையில் விரல்கள் எதையோ வெட்டுகின்றன, கிள்ளுகின்றன, தூவுகின்றன. இவருக்குத் தெரிவதில்லை. பார்க்கச் சகிக்கவில்லை.

இருந்தாலும் வீட்டில் இருக்கிறாரே.

பிப்ரவரி 15, ஞாயிறு

ஓவனை அட்டைப் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார், ஜோவிட்டாவுக்கு அனுப்பிவிடலாமாம். கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பிடித்துக்கொண்டு நின்றேன். முடிச்சுப் போடப் போகும்போது சொல்லிவிட்டேன்.

"ஏங்க, மிச்சத்தைக் கோழிக்குப் போட்டேன்னு சொன்னேன்ல."

"ஆமா."

"அந்தக் கோழி நான்தான்."

புரியாமல் பார்த்தார்.

"உப்பு கூடல. புளிப்பு கொறையல. கருகவும் இல்ல. முதல் நாள்லருந்து எல்லாம் நல்லாருந்துச்சு. நீங்க அந்தப் பக்கம் போனதும் தட்டை வழிச்சித் தின்னது நான்தான். அவளுக்குப் படம் அனுப்புனீங்களேன்னு எரிச்சல். அவ யாரு எவன்னு தெரியாம" என்று கயிற்றைப் பார்த்தே சொன்னேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது. இவர் கயிற்றைக் கீழே வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தார்.

"லூர்தக்கா கோழி உருளைக்கெழங்கு திங்காதுட்டி" என்றார். "மதில் வழியா ரெண்டு துண்டு போட்டுப் பாத்தேன். ஒரு கொத்து கொத்திட்டு அப்படியே போட்டுட்டுப் போயிருச்சு."

"அப்ப தெரியுமா?"

"கப்பல்ல எவனும் வந்து நல்லாருக்குன்னு சொல்ல மாட்டான். திரும்பி வார தட்டைத்தான் பாக்கணும். உன் தட்டுல ஒருநாளும் மிச்சம் இல்ல. வாய் ஒண்ணு சொல்லுது, தட்டு ஒண்ணு சொல்லுது. எதை நம்பன்னு தெரியாம நான் கெடந்து முழிச்சேன்."

"கேட்டிருக்கலாம்ல?"

"கேக்கணும்னு நெனச்சேன். அப்புறம் தோணிச்சு, இவ போகாதீங்கன்னு சொல்லுதா. நேரா சொல்ல வாய் வராம உப்பு மேலயும் புளி மேலயும் போட்டுச் சொல்லுதா. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல ஒருதரம்கூட போகாதீங்கன்னு நீ சொன்னதில்ல. இப்பத்தான் சொல்லுதியோன்னு நெனச்சேன். அதான் இனி போகலைன்னு சொன்னேன்."

நான் அப்படியா சொன்னேன்? கோபத்தில் அல்லவா சொன்னேன்? கோபம் மட்டும்தானா? ஒவ்வொரு முறை பெட்டி கட்டும்போதும் தொண்டை வரை வந்து நான் விழுங்கியது இந்த முறை வேறு வழியாக வெளியே வந்துவிட்டதா? நானே சொன்னதற்கு எனக்கே அர்த்தம் தெரியவில்லை. இதை எழுதும்போதும் தெரியவில்லை.

"இப்ப நேரா சொல்லு எமி. நான் போகவா, இருக்கவா?"

என் பக்கத்துக் காலி நாற்காலியை நினைத்தேன். வாசல் நாற்காலியில் வெட்டிக்கொண்டும் கிள்ளிக்கொண்டும் இருக்கிற அந்த விரல்களையும் நினைத்தேன்.

"உருளைக்கிழங்கு நல்லாருக்கு" என்றேன்.

இவர் பெட்டியிலிருந்து ஓவனை வெளியே எடுத்தார்.

பிப்ரவரி 18, சாம்பல் புதன்

கோயிலிலிருந்து நெற்றியில் சாம்பலோடு வந்து சமைத்தோம். உபவாச நாள், ஒருவேளைதான். கிழங்கு வெட்டுகிற அளவு, ஓவனின் சத்தம் மாறுகிற நேரம் எல்லாவற்றையும் எனக்கும் காட்டினார். உண்மையாகவே உப்பு கூடிவிட்டது. சொன்னேன். சந்தேகமாக என் தட்டைப் பார்த்தார். கால்வாசி மிச்சம் வைத்திருந்தேன். அப்போதுதான் நம்பினார்.

எலேனி அம்மாவிடம் போனில் நானே பேசினேன். "மை வைஃப் சே நோ" என்று இவர் சொன்னதற்கு நான்தான் காரணம் என்று சொல்ல இங்கிலீஷ் தேடினேன், கிடைக்கவில்லை. "பொட்டேட்டோ குட், மேடம்" என்றேன். அந்த அம்மா அந்தப் பக்கம் என்னமோ அவர் பாஷையில் உரக்கச் சொன்னார், கைதட்டுகிற சத்தம் கேட்டது.

பிப்ரவரி 27, வெள்ளி

போய்விட்டார்.

மார்ச் 20, வெள்ளி

தவக்கால வெள்ளி, மீனும் வேண்டாம் என்று உருளைக்கிழங்கு செய்தேன். என் கையால் முதல் தடவை. காதைத் தீட்டிக்கொண்டு ஓவன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். சத்தம் மாறியது. எடுத்தேன். குற்றம் சொல்ல எதுவும் இல்லை.

சாப்பிட உட்காரும்போது இவரிடமிருந்து படம் வந்தது. கப்பல் அடுப்படித் தொட்டியில் அடுக்கிய தட்டுகள். எல்லாம் துடைத்தது போல் காலி. ஓரத்தில் சுருக்கம் விழுந்த ஒரு கை, நீலப் பூ வேலை செய்த துணி ஒன்றைப் பிடித்திருந்தது.

நான் பாதி தின்றேன். அதற்கு மேல் இறங்கவில்லை. என் தட்டைப் படம் எடுத்து அனுப்பினேன். அனுப்பின கையோடு போன் அடித்தது.

"என்னட்டி, பாதி கெடக்கு? உப்பு கூடிட்டா?"

"இல்ல."

"புளிப்பு பத்தலையா?"

"எல்லாம் செரியாத்தான் இருக்கு."

தட்டைப் பார்க்கத் தெரிந்த மனுஷனிடம் வேறென்ன சொல்ல?

"போகாதீங்கன்னு அன்னைக்கு சொல்லியிருக்கலாம்" என்றேன். கல்யாணமாகி முதல் தடவை, நேராக, என் வாயால்.

"அதான் சொன்னியே. உருளைக்கெழங்கு முழுக்க அதைத்தானே சொன்னே" என்றார். "செப்டம்பர்ல வந்துருவேன். தின்னு முடி எமி. நீ முடிக்கிற வரைக்கும் நான் போனை வைக்கல."

ஆறிப்போன கிழங்கை ஒவ்வொன்றாகத் தின்றேன். முடித்ததும் தட்டைப் படம் எடுத்து அனுப்பினேன்.